நோட்டின் முதல் வரி

– நோட்டு எங்கன்னு கேட்டேன், லீவன்.

– எந்த நோட்டு?

– அட போ. நீ சொல்லலைன்னா நானே எழுந்து போய் ஷெட்ல தேடுவேன்.

– உக்காரு நெல்லா. உன் முட்டி சும்மாவே வீங்கிக் கிடக்கு. ஷெட்ல இருபத்திரண்டு நோட்டு இருக்கு. எதுன்னு தெரியாம நான் எதை எடுத்துக் குடுக்கறது?

– மார்ச் ஏழாம் தேதி நோட்டு. ஊர்த் தேர்தல் அன்னிக்கு எழுதினது.

– அன்னிக்கு எழுதினேன்னு யார் சொன்னா?

– முப்பத்தொரு வருஷமா உன்னோட குடித்தனம் பண்றேன். ரேடியோவுல கேட்டதை நீ எழுதாத நாள்னா அது நம்ம கல்யாண நாள் ஒண்ணுதான். அதுவும் உங்க அண்ணன் பேனாவைப் பிடுங்கி வெச்சுக்கிட்டதால.

– பாரு, எழுதியிருக்கலாம். நான் இல்லைன்னு சொல்லலை.

– கொஞ்சம் சிரி. ஜன்னலுக்கு வெளிய வில்லமீன் நாயைக் கூட்டிட்டுப் போறா. கையை ஆட்டு.

– ஆட்டிட்டேன்.

– சிரிக்கலை.

– சிரிச்சேன். அவ நம்ம மேஜையில என்ன இருக்குன்னு பார்த்துக்கிட்டிருந்தா, என் மூஞ்சியை எங்க பார்த்தா? இந்த ஊர்ல ஜன்னலுக்கு ஒரு திரை போட்டா என்ன குறைஞ்சிடும்?

– போட்டா உள்ள எதையோ மறைக்கறாங்கன்னு அர்த்தம். உங்க அம்மா எனக்குச் சொன்ன முதல் புத்திமதியே அதுதான். பேச்சை மாத்தாதே. நோட்டு.

– எதுக்கு இப்போ?

– நாளைக்குப் பத்து மணிக்கு ஹேக்லேருந்து அரசாங்க ஆளுங்க ரெண்டு பேர் வர்றாங்க. பள்ளிக்கூடத்துல, நம்ம சாவடி ஓட்டு மெஷினை வெச்சு அளந்து பார்க்கப் போறாங்களாம். அதை ரேடியோவுல ஒட்டுக் கேக்கலாம்னு டிவியில காட்டினதுலேருந்து ஊர் ஊராப் போயிட்டு இருக்காங்க. மேயர் கூட வர்றார். சாவடித் தலைவின்னு நான் ஒரு படிவத்துல கையெழுத்துப் போடணும்.

– என்ன படிவம்?

– 'இந்தச் சாவடியில ஓட்டு ரகசியம் காக்கப்படும்னு நம்பறேன்.' ஒரே வரி. கீழே என் பேர்.

– போடமாட்டேன்னு சொல்லிடு.

– சொன்னேன். மேயர் சிரிச்சுக்கிட்டே, 'டிவியில ஆயிரம் காட்டுவாங்க நெல்லா, நம்ம ஊர்ல யார்கிட்ட அப்படி ஒரு கருவி இருக்கு'ன்னார். அவர் கேக்கும்போதே அவர் தலைக்குப் பின்னாடி ஜன்னல்ல உன் ஏரியல் தெரியுது. பதினாலு மீட்டர்.

– சரியாச் சொல்லணும்னா பதினாலரை.

– அந்த அரை மீட்டரை அவர்கிட்ட சொல்லலை. 'அத்தாட்சி இருந்தா கொண்டு வா, இல்லைன்னா கையெழுத்துப் போடு'ன்னுட்டார். தேர்தலுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. பென்சில், காகிதம், பெட்டின்னு மாத்தணும்னா நாளைக்கே முடிவு பண்ணணும்.

– பென்சிலா? பென்சில் வேண்டாம்னு ஊரெல்லாம் சண்டை போட்டு மெஷினைக் கொண்டு வந்தவளே நீதான்.

– நான்தான். ஆயிரத்து இருநூறு சீட்டைப் பிரிச்சுப் பிரிச்சு எண்ணி, விடியக்காலையில சைக்கிள்ல வீட்டுக்கு வந்து பாரு, உனக்கும் மெஷின் பிடிக்கும். சிவப்புப் பென்சில் ரெண்டு டஜன் இன்னும் என் இழுப்பறையிலதான் இருக்கு. இன்னிக்கு மத்தியானம் சீவி வெச்சேன்.

– சீவிட்டியா?

– சீவிட்டேன். கை வலிக்குது. இப்போ நோட்டைக் குடு.

– பாரு நெல்லா, அந்த நோட்டை நம்பி ஒண்ணும் செய்ய முடியாது. நான் தப்பாக் கேட்டிருக்கலாம்.

– எப்படித் தப்பா?

– மெஷின்ல ஒரு பேரை அமுக்கினா அந்தச் சின்னத் திரையில பேர் வரும். அப்போ மெஷின் ரேடியோவுல ஒரு மாதிரி ரீங்கரிக்கும். எல்லாக் கட்சிக்கும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். திருச்சபைக்காரங்களோட சபைக் கட்சிக்கு மட்டும் பேர் நீளம், ரெண்டு வரி வரும். அப்போ சத்தம் சட்டுனு கீழ இறங்கும். மாடு பெருமூச்சு விடற மாதிரி.

– எனக்கு மாடு தெரியும். தப்பு எங்கன்னு சொல்லு.

– காலையில ஏழரையிலேருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் உக்காந்து, சத்தம் இறங்கினதை எல்லாம் மணி போட்டுக் குறிச்சேன். மொத்தம் முந்நூத்தி முப்பத்தேழு. நீங்க ஒட்டின முடிவுல சபைக் கட்சிக்கு முந்நூத்தி முப்பத்தெட்டு.

– அதுவா தப்பு?

– ஒண்ணு குறையுதே. ஒரு அளவுல ஒண்ணு குறைஞ்சா மத்ததை எப்படி நம்பறது? மூணு தடவை கூட்டிப் பார்த்தேன். பேனா மையை மாத்தி நாலாவது தடவை பார்த்தேன்.

– நாலரை மணிக்கு நீ எங்க இருந்தே?

– எப்போ?

– அன்னிக்குத்தான். சாயங்காலம் நாலரைக்கு. சாவடிக்குள்ள வந்து, வரிசையில நின்னு, என் முன்னாடி கடவுச்சீட்டை நீட்டினது யாரு? நீ ஓட்டுப் போட வந்த பத்து நிமிஷம் உன் ஹெட்போன் யார் காதுல இருந்தது?

– அட.

– அப்போ யாரோ போட்டது அது. எட்டு மாசமா அந்த ஒண்ணைத் தேடறியா?

– எனக்குத் தோணவே இல்லை பாரு.

– அதனாலதான் நோட்டு வேணும்ங்கறேன். ஹேக்காரங்க கூட்டிப் பார்த்தா அவங்களுக்கும் இதே எண்ணுதான் வரும். அதுக்கு மேல மேயர் ஒண்ணும் பேச முடியாது. காபி ஊத்தட்டுமா?

– ஊத்து. பிஸ்கட்?

– ஒரு காபிக்கு ஒண்ணுதான் வழக்கம். எடுத்தாச்சு.

– ரெண்டாவது எடுத்தா வில்லமீன் பார்த்துடுவாளா?

– திரும்பி வர்ற நேரந்தான். எடுத்துக்கோ, நான் மறைச்சுக்கறேன்.

– வேண்டாம். மூடி வெச்சுடு. நெல்லா, இது குத்தம். ஊர் ஜனம் ரகசியமாப் போட்ட ஓட்டை ஒருத்தன் நாள் பூரா உக்காந்து கேட்டிருக்கான். என்னைச் சும்மா விடுவாங்களா?

– கேட்டு யார்கிட்டயாவது சொன்னியா?

– இல்லை.

– எழுதினதைக் காட்டினியா?

– உனக்கே காட்டலையே.

– அப்போ திட்டிட்டு விட்டுடுவாங்க. ஜெயில்ல போட்டாலும் என்ன, அங்க ஷெட் இருக்காதுங்கறதுதானே உன் கவலை?

– ஊர்ல யாரும் என்னோட பேசமாட்டாங்க.

– இப்போ நீ யார்கூடப் பேசறே? ஃபின்லாந்துல ஒரு ஆளு, நியூசிலாந்துல ஒரு ஆளு. அவங்களுக்கு நம்ம ஊர் ஓட்டைப் பத்தி என்ன கவலை? பேசுவாங்க.

– நல்லா இருக்கு உன் சமாதானம்.

– லேனா வந்திருந்தா, லீவன்.

– எந்த லேனா? வெங்காயக் கிடங்கு லேனாவா?

– அவதான். புருஷன் போனதுலேருந்து டிங்கமன்ஸ் கிடங்குல வெங்காயம் பிரிக்கறாளே, அவ. முந்தாநேத்து சாயங்காலம் பின்கதவு வழியா வந்தா. இந்த ஊர்ல யார் பின்கதவு வழியா வருவா? அதுலயே எனக்குப் பாதி புரிஞ்சுபோச்சு.

– என்னவாம்?

– முதலாளி டிங்கமன்ஸ் இந்தத் தடவை சபைக் கட்சியில நிக்கறார்ல. காபி இடைவேளையில எல்லாரையும் சுத்தி நிக்க வெச்சு, 'யார் எங்க போட்டீங்கன்னு இந்தத் தடவை எனக்குத் தெரியும்'னு சிரிச்சுக்கிட்டே சொன்னாராம். எல்லாரும் சிரிச்சாங்களாம். இவளும் சிரிச்சாளாம். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் தூங்கலையாம். 'அப்படித் தெரிஞ்சுக்க முடியுமா, நெல்லா?'ன்னு என்னைக் கேட்டா.

– நீ என்ன சொன்னே?

– ஒரு போலஸ் ரொட்டி எடுத்துக் குடுத்தேன்.

– போலஸா?

– பட்டைப்பொடியும் சர்க்கரையும் ஒட்டின விரலை நக்கிக்கிட்டே அவ என் முகத்தையே பார்த்துட்டு இருந்தா. முடியாதுன்னு சொல்ல வாய் வரலை. முடியும்னு சொன்னா, 'அது உனக்கு எப்படித் தெரியும்'னு கேப்பா. ரெண்டு பிள்ளைங்க அவளுக்கு. வர்ற ஜனவரியில கிடங்குல பாதிப் பேரை நிறுத்தப் போறாங்க, தெரியும்ல?

– தெரியும்.

– ஏன் தலையைக் குனிஞ்சுக்கறே?

– டிங்கமன்ஸ் மகன் இருக்கானே, கோபஸ்.

– இருக்கான். அவனுக்கென்ன?

– போன திங்கக்கிழமை ரேடியோ கிளப்புக்கு வந்திருந்தான். புதுசா ஒரு ரிசீவர் வாங்கியிருக்கான். கார்ல வெச்சுக்கற மாதிரி, சின்னதா, நல்ல சாமான். 'டிவியில பார்த்தேன், அந்த ஓட்டு மெஷின் எந்த அலைவரிசையில பாடும்?'னு கேட்டான்.

– சொல்லிட்டியா?

– பாரு நெல்லா, கிளப்ல ஒருத்தன் அலைவரிசை கேட்டா இல்லைங்கற வழக்கம் கிடையாது. முப்பது வருஷமா அப்படித்தான். ஒருத்தன் உப்பு கேட்டா குடுக்கற மாதிரி. வாய் தன்னால சொல்லிடுச்சு.

– வாய் தன்னால.

– சொல்லி முடிச்சு, அவன் அதை உள்ளங்கையில எழுதிக்கறதைப் பார்த்தப்புறம்தான் என்ன செஞ்சுட்டேன்னு புரிஞ்சுது. இன்னிக்குக் கிளப்புக்கு ஏன் போகலைன்னு நினைக்கறே?

– உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன். திங்கக்கிழமை நீ வீட்டுல இருந்தா வேற என்ன நினைக்கறது?

– அவன் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல காரை நிறுத்திட்டு உக்காந்தா போதும். உள்ள யார் போறாங்கன்னு கண்ணு பார்த்துக்கும். சத்தம் இறங்குதா இல்லையான்னு காது பார்த்துக்கும். லேனா உள்ள போவா. சத்தம் இறங்காது. அவ்வளவுதான்.

– அவ்வளவுதான்.

– நீ கத்தினா பரவாயில்லை, நெல்லா.

– கத்தற அளவுக்குத் தெம்பு இல்லை. வில்லமீன் திரும்பி வர்றா. கப்பை எடுத்துக் குடி. ம். போயிட்டா. இப்போ சொல்லு, இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு நோட்டை ஏன் பிடிச்சு வெச்சிருக்கே? நீ செஞ்சதை நீயே சரிபண்ண அது ஒண்ணுதானே இருக்கு?

– வேற வழி இருக்கு. நாளைக்கு நான் வர்றேன். அவங்க முன்னாடியே ரிசீவரை வெச்சுக் காட்டறேன். அப்போ நோட்டு எதுக்கு?

– நாளைக்கு நீ காட்டினா, நாளைக்குத்தான் முடிஞ்சுதுன்னு சொல்வாங்க. அவங்க அதுக்கும் ஒரு வழி வெச்சிருக்காங்க. மெஷினைச் சுத்தி அலுமினியத் தகட்டை ஒட்டி, 'சரியாயிடுச்சு'ன்னு எழுதிட்டுப் போயிடுவாங்களாம். பக்கத்து ஊர்ல அதைத்தான் பண்ணியிருக்காங்க.

– தகட்டை ஒட்டினா சத்தம் கொஞ்சம் குறையும். நிக்காது. கோபஸ் வாங்கியிருக்கற சாமானுக்கு அது ஒரு தடையே இல்லை.

– அதைத்தான் சொல்றேன். ஒரு தேர்தல் பூரா, ஒரு ஊர் பூரா, ஒருத்தன் வீட்டுல உக்காந்தபடியே கேட்டிருக்கான், அது முடிவோட ஒத்துப் போகுதுன்னு காட்டினாத்தான் அவங்களுக்கு உறைக்கும்.

– எந்தக் கம்ப்யூட்டரும் சும்மா இருக்கறதில்லை, நெல்லா. திரையில எழுத்து வந்தா உள்ள ஓடற கரண்டு வெளியிலயும் கொஞ்சம் கசியும். அதை யாரும் நிறுத்த முடியாது.

– இதை எனக்கே சொல்லிக் குடுக்கறியா? பாதிரியாரோட பிரசங்கம் மறந்துபோச்சா உனக்கு?

– மறக்குமா?

– பக்கத்து வீட்டுல அவர் சனிக்கிழமை கம்ப்யூட்டர்ல தட்டத் தட்ட, நம்ம பழைய டிவியில மங்கலா வரும். வரி வரியா, நெளிஞ்சு நெளிஞ்சு.

– சரியாச் சொல்லணும்னா எண்பத்தெட்டு அக்டோபர்லேருந்து எண்பத்தொன்பது நவம்பர் வரைக்கும். நான் கூடுதலா ஒரு கம்பி சுத்திக் குடுத்ததுக்கு அப்புறம் நல்லாவே படிக்க முடிஞ்சுது.

– ஒரு தடவை 'பேராசை'ன்னு தட்டிட்டு, அரை மணி நேரம் ஒண்ணும் தட்டலை. ரெண்டு பேரும் காத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். அப்புறம் அந்த வார்த்தையையும் அழிச்சுட்டுத் தூங்கப் போயிட்டார்.

– மறுநாள் கோயில்ல அவர் 'பொறுமை'யைப் பத்திப் பேசினார். உனக்குச் சிரிப்பு அடக்க முடியாம இருமற மாதிரி வெளிய போனே.

– அந்த ஒரு வருஷம்தான் நீ சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள்ள இருந்தே, லீவன்.

– அவர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிட்டார்.

– ஆமா. எனக்கு அவர் மேல அதுக்காக இன்னமும் கோவம் உண்டு.

– நோட்டைத் தர்றேன்.

– தா.

– முதல் பக்கத்தைக் கிழிச்சுட்டுத் தர்றேன்.

– எதுக்கு?

– முதல் பக்கம் சரியில்லை. காலையில இன்னும் சுருதி பிடிக்கலை. ஒரே கிறுக்கல்.

– நீயா? கிறுக்கலா? மளிகைச் சீட்டுக்கே கோடு போட்டு எழுதற ஆளு.

– முதல் வரியை மட்டுமாவது மை ஊத்தி அழிக்க விடு.

– லீவன், ஒரு வரி அழிச்சிருந்தா மேயர் பிடிச்சுக்குவார். அழிச்ச இடத்துல என்னன்னுதான் முதல்ல கேப்பார். மொத்த நோட்டும் வீணாப் போயிடும். முதல் வரியில என்ன இருக்கு?

– ஆறு முப்பத்தொண்ணு.

– ஆறு முப்பத்தொண்ணுக்கு சாவடியே திறக்கலையே.

– ரேடியோக்காரங்க நோட்டுல கிரீன்விச் நேரம்தான் போடுவோம். ஒரு மணி கூட்டிக்கோ.

– ஏழு முப்பத்தொண்ணு.

– ஆமா.

– ம்.

– அந்த நேரத்துக்குச் சாவடியில யார் ஓட்டுப் போடுவாங்கன்னு இந்த ஊர்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். கதவு திறந்ததும் தலைவர் முதல் ஓட்டு. உனக்கு முன்னாடி பழைய தலைவர் ஹுய்ப், அவருக்கு முன்னாடி அவரோட மாமனார். அப்புறம்தான் ஜனம் வரும். நோட்டை எடுத்து முதல் வரியைப் படிச்சா, படிக்கறது ஒரு நேரம் இல்லை. உன் பேர்.

– சத்தம் இறங்குச்சா?

– இறங்குச்சு.

– ம்.

– கப்பை ஏன் கீழ வெச்சுட்டே?

– காபி ஆறிப் போச்சு.

– நெல்லா, நான் உன்னை ஒண்ணும் கேக்கலை. ஓட்டு ரகசியம். பொண்டாட்டியா இருந்தாலும் ரகசியம்தான். நான் ஊராட்சிக்குக் கரைப் பட்டியல்ங்கற கட்சியில நின்னேன், நீ சபைக் கட்சிக்குப் போட்டே, அது உன் உரிமை. ஆனா நாளைக்கு இது மேயர் கைக்குப் போனா, மத்தியானத்துக்குள்ள பேக்கரிக்குப் போயிடும். 'நெல்லா சொந்தப் புருஷனுக்கே ஓட்டுப் போடலை.' ரொட்டி வாங்க வரிசையில நிக்கும்போது உன் முதுகுக்குப் பின்னாடி கேக்கும். அதைத்தான் என்னால தாங்க முடியலை. இதுக்காகத்தான் இத்தனை நேரம் சாக்குச் சொன்னேன். குத்தம், அளவு, எல்லாம் சாக்கு.

– எனக்காகவா மறைச்சே?

– வேற யாருக்காக?

– மூணு ஓட்டுல தோத்தே நீ.

– மூணுதான். கடைசி இடம் சபைக் கட்சிக்குப் போச்சு.

– நான் போட்டிருந்தாலும் பத்தாது.

– பத்தாதுதான். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்.

– போட்டிருப்பே. சரி, காரணம் கேக்கமாட்டே. நானே சொல்றேன், கேட்டுக்கோ. திங்கக்கிழமை கிளப். புதன்கிழமை பம்ப் ஹவுஸ்ல ராத்திரிக் காவல். வெள்ளிக்கிழமை நியூசிலாந்து. சனிக்கிழமை ஏரியல். ஊராட்சிக் கூட்டம் என்னிக்கு?

– செவ்வாயும் வியாழனும்.

– உன் பேர் பட்டியல்ல வந்த அன்னிக்கு, நான் சுவர்ல காலண்டரைப் பார்த்துக்கிட்டே நின்னேன். ஞாயித்துக்கிழமை ஒண்ணு மிச்சம். அது ஆண்டவனுக்கு.

– இதைச் சொல்லியிருக்கலாமே.

– எப்போ சொல்றது? காதுல எப்பவும் ஒண்ணு மாட்டியிருக்கும். கதவைத் தட்டினா விரலைத் தூக்கிக் காட்டுவே, ஒரு நிமிஷம்னு. அந்த ஒரு நிமிஷம் எப்போ முடிஞ்சிருக்கு? உன்னை ஜெயிக்க வெச்சுட்டு, வீட்டுல உன் காலி நாற்காலியைப் பார்த்துட்டு உக்காந்திருக்க எனக்கு ஆசை இல்லை. சபைக் கட்சியைப் பிடிக்கும்னு போடலை. ஞாயித்துக்கிழமை துணி காயப் போடக் கூடாதுங்கற கூட்டத்தை எனக்கு எங்க பிடிக்கும்? உன்னைத் தோக்கடிக்கக்கூடியவங்க அவங்க மட்டும்தான், அதனால போட்டேன்.

– நான் வீட்டுல இருக்கணும்னு.

– நீ வீட்டுல இருக்கணும்னு. ஆனா என்ன ஆச்சு? மார்ச்சுக்கு அப்புறம் வாரத்துல ஆறு நாள் ஷெட்டுக்குள்ள. சாப்பாட்டுக்கு வந்தா தட்டைப் பார்த்தே சாப்பிடறே. நல்லா வேலை பண்ணுச்சு என் ஓட்டு.

– என்னால உன் முகத்தைப் பார்க்க முடியலை, நெல்லா. பார்த்தா கேட்டுடுவேனோன்னு பயம்.

– கேட்டிருந்தா என்ன?

– கேட்டிருந்தா நீ சொல்லியிருப்பே.

– அதுதானே.

– அன்னிக்கு ராத்திரி நீ முடிவு அறிக்கையில கையெழுத்துப் போட்டியே. 'ரகசியம் காக்கப்பட்டது'ன்னு. இப்போ அதுவும் பொய்னு ஆயிடும். மெஷின் பாடறது உனக்குத் தெரியாதுன்னு நான் சாட்சி சொல்றேன். தேர்தலுக்கு முந்தின நாள், நீ மெஷினைப் பரிசோதனை பண்ணிட்டு வந்தப்போ சாப்பாட்டு மேஜையில நான் சொல்லத்தான் சொன்னேன், உன் மெஷின் ஷெட்ல கேக்குது, ஒரு கட்சிக்கு மட்டும் சத்தம் இறங்குதுன்னு. நீ குட்டிக் கோசை உரிச்சுக்கிட்டு 'ம்'னே. காதுல விழலை, அவ்வளவுதான்.

– தெரிஞ்சுதா தெரியாதான்னு நாளைக்கு அவங்க கேப்பாங்க. நான் பதில் சொல்லிக்கறேன். நீ எனக்காக ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

– பேக்கரி?

– ரெண்டு வாரம் பேசுவாங்க. அப்புறம் யாராவது ஒருத்தரோட ஆடு கரையிலேருந்து தண்ணியில விழும், அதைப் பேசுவாங்க. லேனாவுக்கு ரெண்டு பிள்ளைங்க, லீவன். எனக்கு ஒரு முதுகு. இது இன்னும் தாங்கும்.

– உனக்கு அதிர்ச்சியா இல்லையா? நான் கேட்டுட்டேன்னு?

– அசதியா இருக்கு. வேற ஒண்ணும் இல்லை.

– பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னாடி கையை விடு.

– இங்கயா? ஷெட்ல இல்லையா?

– எட்டு மாசமா அங்கதான் இருக்கு. மத்த நோட்டோட வைக்க மனசு வரலை. பச்சை அட்டை. கிழிக்காம கொண்டு போ.

– நீயும் வா. பத்து மணிக்கு. நல்ல சட்டை போட்டுக்கிட்டு வா.

– கோபஸுக்கு அலைவரிசை சொன்னதையும் சொல்லணுமா?

– சொல்லு. நாளைக்கு ரெண்டு பேரும் சொல்லிட வேண்டியதுதான்.

– சரி. ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?

– கேளு. இப்பவாவது கேளு.

– நேரத்துக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் போட்டிருப்பேன், பாரு. சத்தம் எவ்வளவு நேரம் இறங்கியிருந்ததுன்னு. பேரை அமுக்கிட்டு, சிவப்புப் பொத்தானை அமுக்கற வரைக்கும். எல்லாருக்கும் நாலு நொடி, அஞ்சு நொடி. ஒரு கிழவிக்கு மட்டும் எட்டு நொடி, அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. முதல் வரியில என்ன போட்டிருக்கு?

– ஐம்பத்தாறு.

– ஐம்பத்தாறு நொடி. அதை வெச்சுத்தான் இந்த எட்டு மாசத்தையும் ஓட்டினேன், நெல்லா. கடைசியில போட்டாளே தவிர, பாவம், ஒரு நிமிஷம் அவளுக்குக் கையே வரலைன்னு. ரொம்ப முடியாம போற அன்னிக்கு அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்துக்குவேன். தயங்கினேதானே?

– லீவன்.

– சொல்லு. இல்லைன்னாலும் சொல்லு.

– குட்டிக் கோசு உரிச்சப்போ நீ சொன்னது என் காதுல விழுந்தது. மறுநாள் காலையில மெஷின் முன்னாடி நின்னா, ஜன்னல் வழியா உன் ஷெட்டு விளக்கு தெரியுது, நீ ஹெட்போனை மாட்டிக்கிட்டு இந்தப் பக்கம் பார்த்து உக்காந்திருக்கே. நான் தயங்கலை. உனக்கு நல்லாக் கேக்கட்டும்னுதான் சிவப்புப் பொத்தானை அமுக்காம அப்படியே விட்டுட்டு நின்னேன்.